பழைய காரின் முன்சட்டம்: கையும் கணக்கும்

(யானைக்கவுனியில் பட்டறைக்காரர்களும் பழைய கார் ஆர்வலர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கார் ஒன்றுக்கு முன்பக்கச் சட்டத்தையும் சஸ்பென்ஷனையும் நம் பட்டறையிலேயே செய்துவிட முடியுமா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் என்னைப் பேச அழைத்தீர்கள். முடியும் என்பதே என் பதில். செய்த கம்பெனியே மூடிப்போன கார்களுக்குப் பல நேரம் வேறு வழியும் இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் கெட்டால் வண்டி நின்றுவிடும். முன்சட்டம் கெட்டால் வண்டி நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும், திருப்பினால் திரும்பாது. ஆபத்து அங்கேதான்.

முன்சட்டம் பார்வைக்கு இரும்பு. உண்மையில் அது அளவுகளின் கட்டு. சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்ம்களில் எது எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த பால் ஜாயிண்ட் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. அந்த அளவை எடுக்கவும், தாளில் எழுதவும், சோதித்துப் பார்க்கவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் நாம் பழகிவிட்டால், பாகம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு பழைய காரும் இந்த ஊரில் காயலான் கடைக்குப் போக வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

இதைப் பேச யானைக்கவுனியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வாசலில் வால்டாக்ஸ் சாலை. நாட்டின் எந்த மூலைக்கும் சரக்கு ஏற்றும் லாரி புக்கிங் ஆபீஸ்கள். கிழக்கே நடந்தால் செம்புதாஸ் தெருவில் போல்ட், நட், பேரிங், கருவிகள். வடக்கே போனால் சாத்தங்காடு இரும்புச் சந்தை. தென்மேற்கே போனால் புதுப்பேட்டை; பிரித்த வண்டியின் எந்த உறுப்பும் அங்கே கிடைக்கும். இவ்வளவும் ஒரு டாட்டா ஏஸ் ஒரே நாளில் சுற்றி வரக்கூடிய தூரத்துக்குள் இருக்கின்றன.

வண்டி கட்டுவதில் இந்த ஊருக்கு நீண்ட பழக்கம் உண்டு. சிம்ப்சன் நிறுவனம் 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவி கார் ஒன்றைச் சென்னையிலேயே செய்து ஓட்டினார். பெரம்பூர் ரயில் பட்டறை 1856லிருந்து இருக்கிறது. 1955இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். வந்தது, அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. எண்ணூரின் கதையை இளைஞர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அசோக் லேலண்ட் என்றாலே லாரியும் பஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1948இல் ரகுநந்தன் சரண் அந்த நிறுவனத்தை அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கியது கார் கட்டுவதற்காக. ஆஸ்டின் ஏ40 கார்கள் எண்ணூரில்தான் பூட்டப்பட்டன. லேலண்ட் பங்கு சேர்ந்து பெயர் மாறியது 1955இல்.

அந்த ஏ40இன் முன்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். கீழே ஒரு ஆர்ம், நடுவில் சுருள் ஸ்பிரிங், வெளியே கிங் பின். மேல் ஆர்ம் என்று தனியாக ஒன்று கிடையாது. எண்ணெய் நிரப்பிய லீவர் ஷாக் அப்சார்பரின் கையே மேல் ஆர்மாக வேலை செய்கிறது. அந்தக் காலத்துக்கு அது சிக்கனமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. இன்று அதுவே தலைவலி. ஷாக்கின் சுழல்தண்டு தேய்ந்து ஆடினால் எண்ணெய் கசியும்; எண்ணெயோடு நிற்காது, மேல் ஆர்மும் சேர்ந்து ஆடும், சக்கரம் சாயும். புதிய ஷாக் கடையில் கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் உரிமையாளர், 'முன்பக்கத்தையே புதிதாகச் செய்துவிடலாமா?' என்று கேட்கிறார்.

நம் ஊரிலேயே பிறந்த இன்னொரு கார் இதற்கு நல்ல பாடப் புத்தகம்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. 1961 முதல் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதைச் செய்தது. 948 சி.சி. என்ஜின். 1971 வரை ஹெரால்டு, பிறகு 1977 வரை கெஸல். 1980களில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு அந்த நிறுவனத்தின் கார் உற்பத்தியே முடிந்துபோனது.

ஹெரால்டு பிறந்த காலத்தில் உலகம் முழுவதும் சேஸிஸைக் கைவிட்டு உடற்கூட்டையே சட்டமாக்கிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் நிறுவனத்தால் அப்படிச் செய்ய முடியவில்லை. அவர்களுக்கு உடற்கூடு அழுத்தித் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. அதனால் தனிச் சேஸிஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட்டில் பூட்டினார்கள். அன்றைய நெருக்கடியில் எடுத்த முடிவு இன்றைய பட்டறைக்காரருக்கு வரமாக அமைந்தது. பானெட்டைச் சாய்த்தால் முன்பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துக்கு ஒரு கோபுரம் சேஸிஸின்மேல் போல்ட்டில் நிற்கிறது. மேல் ஆர்ம் அந்தக் கோபுரத்தில், கீழ் ஆர்ம் சேஸிஸில், இரண்டுக்கும் நடுவே ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும். கீழ் ஆர்மின் பிடிப்புக்கும் சேஸிஸுக்கும் இடையில் மெல்லிய ஷிம் தகடு வைத்துக் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, சரிசெய்யலாம். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். 25 அடி வட்டத்தில், அதாவது 7.6 மீட்டரில், முழுக் காரும் திரும்பிவிடும். நம் சந்துகளுக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

அந்த ட்ரையம்ஃப் நக்கிளை, அதாவது சக்கரத்தைத் தாங்கி நிற்கும் அந்த நிமிர்ந்த உறுப்பை, லோட்டஸ் நிறுவனம் செவனிலும் எலானிலும் போட்டது. ஃபார்முலா ஃபோர்டு பந்தயக் கார்கள் பலவற்றிலும் அந்த இனத்து நக்கிள்தான். புதுப்பேட்டையில் கிலோ கணக்கில் எடை போட்டு விற்கும் உறுப்புக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு. தங்கள் கையால் சட்டம் கட்டிய உலகப் புகழ்பெற்ற வடிவமைப்பாளர்கள்கூட இந்தக் கார்களில் நக்கிளைத் தாங்களே செய்யவில்லை. பெரிய தொழிற்சாலையில் அடித்து, சோதித்து வந்ததை எடுத்துக்கொண்டார்கள்; சட்டத்தையும் ஆர்மையும் மட்டும் செய்தார்கள். இதை நம் முதல் விதியாக எழுதிக்கொள்ளுங்கள். நக்கிள், ஸ்டப் ஆக்சில், ஸ்டியரிங் ஆர்ம், பால் ஜாயிண்ட் ஆகியவை உலையில் அடித்துச் சூடு கொடுத்துப் பதப்படுத்தியவை. அவற்றில் வெல்டிங் வைக்கவே கூடாது. வளைந்ததைச் சூடு காட்டி நிமிர்த்தவும் கூடாது.

தமிழ்நாட்டில் இந்த வழியில் நடந்து காட்டியவர்கள் உண்டு. இங்கிருந்து வடமேற்கே செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே பந்தயத் தடமானது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுக் காலம் அங்கே பந்தயம் நடத்தியது. வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. சாலைக் காரின் உறுப்புகளை வைத்து நம்மவர்களே கட்டினார்கள். அந்த மரபின் உச்சம் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மாருதி 800இன் என்ஜினைப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980களின் இறுதியில் கோவையிலேயே வடிவமைத்துக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் செய்த அந்த வகைக் காரில் தொடங்கிய இளைஞர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர்.

கரிவரதன் செய்ததில் நான் மிக உயர்வாக மதிப்பது ஒன்று. ஒரு காரைக் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. ஒரே அளவில் திரும்பத் திரும்பக் கட்டினார். ஒன்றை மட்டும் கட்ட நல்ல கை போதும். அதேபோல இன்னொன்றைக் கட்ட வரைபடம் வேண்டும், உறுப்புகளை அசையாமல் பிடிக்கும் ஜிக் வேண்டும், எழுதி வைத்த அளவு வேண்டும். அந்தக் காருக்கு விழுந்த பெயர் அந்த ஒழுங்குக்குக் கிடைத்த பெயர்.

இனி வேலைக்கு வருவோம். சட்டத்தின்மேல் என்ன பாரம் விழுகிறது என்று தெரியாமல் எவ்வளவு கனமான இரும்பு போட்டாலும் பயனில்லை. எடுத்துக்காட்டுக்கு ஆட்களோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். பாதி முன்னால், பாதி பின்னால். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 2.3 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். பலமாக பிரேக் அடிக்கிறோம்; புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு வேகக் குறைவு. அப்போது 150 கிலோவுக்கு மேல் பின்னாலிருந்து முன்னால் வந்து சேர்கிறது. 450 கிலோ சுமந்த முன்னச்சு இப்போது 600 கிலோ சுமக்கிறது. ஒரு சக்கரத்துக்கு 300. அந்தச் சக்கரத்தைத் தரை பின்னோக்கி இழுக்கும் விசை 240 கிலோ.

இந்த 240 கிலோவை மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. கீழ் பால் ஜாயிண்ட் தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்திலும் மேல் பால் ஜாயிண்ட் 450 மி.மீ. உயரத்திலும் இருந்தால், கீழ் ஆர்மைப் பின்னோக்கித் தள்ளும் விசை 432 கிலோ. மேல் ஆர்மையோ 192 கிலோ விசை முன்னோக்கி இழுக்கிறது. ஒன்று பின்னால், மற்றது முன்னால். இழுப்பு தரை மட்டத்தில் நடக்கிறது. இரண்டு ஜாயிண்ட்டும் அதற்கு மேலே இருக்கின்றன. அதனால் நக்கிள் உருளப் பார்க்கிறது. கீழ் ஆர்மின் இரண்டு பிடிப்புகளுக்கும் இடையில் நல்ல அகலம் வைக்க வேண்டும் என்று பழைய மிஸ்திரிகள் சொல்வது இதனால்தான். அகலம் குறைந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும், புஷ் பிய்ந்துபோகும், பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்து ஸ்பிரிங். ஆர்மின் நீளத்தில் பத்துக்கு ஆறு பங்கு தூரத்தில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 6 மி.மீ. சுருங்கும். அத்தோடு, ஸ்பிரிங்கின் விசையிலும் பத்துக்கு ஆறுதான் சக்கரத்துக்கு வந்து சேரும். இரண்டு குறைவும் சேர்ந்து 0.6ஐ 0.6ஆல் பெருக்கியதாக, 0.36 ஆகிவிடுகிறது. சக்கரத்தில் ஒரு மி.மீ.க்கு ஒரு கிலோ எதிர்ப்பு வேண்டுமானால் ஸ்பிரிங் ஒரு மி.மீ.க்குக் கிட்டத்தட்ட 2.8 கிலோ தாங்க வேண்டும். ஒருமுறை மட்டும் வகுத்து 1.7 என்று போட்டால் வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். நான் சொன்ன எடைக்கு ஒரு கிலோ எதிர்ப்பு என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 65 ஆட்டம் தரும். உடம்பு அலுக்காத பயணத்துக்கு அது ஏற்ற அளவு. அதே கணக்கில் ஸ்பிரிங்கின் மேல் முனையைப் பிடித்திருக்கும் கோபுரத்தின்மேல், வண்டி சும்மா நிற்கும்போதே 300 கிலோவுக்கு மேல் அழுத்தம் உண்டு. குழியில் விழும்போது மூன்று மடங்கு என்று வைத்தால் 900ஐத் தாண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் தோண்டிவிட்ட குழிகளைப் பார்த்தவர்கள் இந்த மூன்று மடங்கை அதிகம் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது அளவு எடுக்கும் முறை. பழைய சட்டத்தை அறுப்பதற்கு முன்னால், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்னால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வண்டியின் நடுக்கோட்டைத் தரையில் சுண்ணாம்பு நூலால் அடியுங்கள். கொத்தனாரின் தூக்குக் குண்டு ஒன்றும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் ஒன்றும் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் புள்ளிகள்: மேல் ஆர்மின் இரண்டு பிடிப்புகள், கீழ் ஆர்மின் இரண்டு பிடிப்புகள், மேல் பால் ஜாயிண்ட், கீழ் பால் ஜாயிண்ட், டை ராடின் உள்முனை, வெளிமுனை, ஸ்பிரிங்கின் மேல்முனை, கீழ்முனை. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அளவு: நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், முன்னச்சின் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னே அல்லது பின்னே, தரையிலிருந்து எவ்வளவு உயரம். பக்கத்துக்கு முப்பது எண்கள். வண்டியின் நடத்தையில் பெரும்பகுதி இந்த முப்பது எண்களுக்குள் இருக்கிறது. இரண்டு பக்கத்து எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது. அதையும் இந்தத் தாளே சொல்லிவிடும்.

ஆர்மின் இரண்டு பிடிப்புகளும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். கதவின் இரண்டு கீல்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் கதவு எப்படித் திணறுமோ அப்படித்தான் ஆர்மும் திணறும். இரண்டு பிடிப்புக்கும் ஊடாக ஒரே நீளத் தண்டைச் செருகி வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யுங்கள். தண்டு கையால் சுழலும் வரைதான் அந்த வேலை சரி.

ஸ்டியரிங்கை நக்கிளோடு இணைக்கும் டை ராடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்த சட்டங்களில் மிகுதியானவை தோற்பது இங்கேதான். சக்கரம் மேலும் கீழும் போகும்போது டை ராடும் ஆர்ம்களோடு ஒத்த வளைவில் ஆட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் உள்ளே வெளியே திரும்பும். மேடு பள்ளத்தில் வண்டி தானாக அலையும். இதைப் பிடிக்க விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். ஹப்பின்மேல் நேரான பலகை ஒன்றைப் பூட்டுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் நடுக்கோட்டுக்கு இணையாக ஒரு நூல் கட்டுங்கள். ஜாக்கியால் ஹப்பை 20 மி.மீ., 20 மி.மீ. ஆக உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் பலகையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். நடுநிலைக்கு மேலே 60, கீழே 60 வரை. பிறகு அந்த எண்களைப் பாருங்கள். மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே போகும்போது மறுபக்கமும் சக்கரம் திரும்பினால் டை ராடின் உயரம் தவறு. மேலே போனாலும் கீழே போனாலும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராடின் நீளம் தவறு. எதைத் திருத்த வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லும். ரேக்கைப் பிடிக்கும் கிளாம்ப்பைக் கடைசியில்தான் முழுதாக வெல்டிங் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரும்புக்கு வருகிறேன். சாத்தங்காட்டில் வாங்கும்போது ஐ.எஸ். 2062 தரம் என்று கேட்டு வாங்குங்கள்; பெட்டிக் குழாய் என்றால் ஐ.எஸ். 4923. தண்ணீர்க் குழாயை வைத்துச் சட்டம் கட்டக் கூடாது; அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டது இல்லை, மேல்பூச்சாக இருக்கும் துத்தநாகம் வெல்டிங்கில் புகைந்து வெல்டரின் நெஞ்சையும் கெடுக்கும். பெட்டிக் குழாயின் குறுக்கே போல்ட் போகும் இடத்தில், உள்ளே ஒரு சிறு குழாயை வைத்து இரண்டு சுவரோடும் வெல்டிங் செய்யுங்கள். அது இல்லாமல் இறுக்கினால் குழாயின் சுவர்கள் உள்ளே அமுங்கும். இன்று இறுகியதுபோலத் தெரியும், மறுமாதம் போல்ட் ஆடும். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. அந்த எண் போல்ட்டின் தலையிலேயே பதிந்திருக்கும்.

வெல்டிங்கில் அவசரம் ஆகாது. சூடு ஏறினால் இரும்பு விரியும், ஆறினால் சுருங்கி இழுக்கும். கனமான இரும்பு மேசையில் ஜிக் பூட்டி, எல்லா மூட்டுகளையும் முதலில் புள்ளி வைத்து நிறுத்துங்கள். அளவைச் சரிபாருங்கள். பிறகு இடது, வலது, முன், பின் என்று மாற்றி மாற்றிச் சிறு சிறு நீளமாக வையுங்கள். முழுதாக ஆறும் வரை ஜிக்கிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்த பிறகு முப்பது எண்களையும் மறுபடி அளந்து பாருங்கள்.

நமக்கென்று இன்னொரு எதிரி இருக்கிறது: உப்புக் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டிக் குழாய் வெளியே பளபளவென்று பெயின்ட்டோடு இருக்கும்; உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடியத் துளை விடுங்கள். வேலை முடிந்ததும் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சுங்கள். வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால், மறுபடி செய்யுங்கள்.

புதுப்பேட்டையில் எடுத்து வந்த நக்கிளையும் ஹப்பையும் அப்படியே பூட்டிவிடாதீர்கள். நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சாக்குக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு எழும். பழைய ரயில் பட்டறைகள் கையாண்ட முறை இது. இப்போது சிவப்புச் சாயமும் வெள்ளை ஸ்ப்ரேயும் டப்பாவில் கிடைக்கின்றன. இன்னும் நுட்பமாகக் காட்டும். கோடு தெரிந்தால் அந்த உறுப்பு எவ்வளவு அரிதானது என்றாலும் ஒதுக்கிவிடுங்கள். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: நக்கிளின் கீழ்முனை மரையாக இறங்கி ஒரு பித்தளை டிரனியனில் சுழல்கிறது. அதற்குக் கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மரையின் அடிவரை போகாது; ஈரம் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது முறிந்துவிடும். ஒரு கரண்டி எண்ணெயில் தவிர்க்கக்கூடிய விபத்து அது.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது சட்டப்புத்தகத்தையும் பேசியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ளது வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். 2021இல் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் காக்கப்பட்ட வண்டிக்குத் தனிப் பதிவு எண் உண்டு. ஆனால் சேஸிஸையோ உடற்கூட்டையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. ஹெரால்டுகள் எல்லாமே இன்று 50 ஆண்டைக் கடந்துவிட்டன. ஒரு கட்டர் வேகத்தில் நீங்கள் அறுத்துப் போடுவது அந்தத் தகுதியையும் சேர்த்துத்தான்.

அதனால் என் வேண்டுகோள் இது. சாலையில் ஓடும் வண்டிக்குப் பழைய சட்டத்தின் அளவிலேயே, பழைய பிடிப்புகளிலேயே உட்காரும்படி மாற்றுச் சட்டம் செய்யுங்கள். துருவேறிய உறுப்பை அதே வடிவில் புதுப்பியுங்கள். செய்யும் முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய வடிவில் சோதனை செய்ய ஆசைப்படுபவர்கள் பந்தயத் தடத்துக்கான காரில் செய்யுங்கள். சோழவரத்தில் நம் முன்னோடிகள் செய்தது அதைத்தான். எந்த நிலையிலும் மூலச் சட்டத்தை அறுக்காதீர்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கை வைக்கவே வேண்டாம். கழற்றியதற்கு எண்ணெய் பூசி, பெயர் எழுதிக் கட்டிப் பத்திரமாக வையுங்கள். நாளை நம்மைவிடத் தேர்ந்தவர் ஒருவர் அதைத் திரும்பப் பொருத்த விரும்பலாம். அந்த உரிமையை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை.

செய்து முடித்த சட்டத்தை நேராகச் சாலைக்குக் கொண்டுபோகவும் கூடாது. முதலில் மூடிய இடத்தில், நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். நிறுத்தி, எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சில் பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் சட்டத்துக்கு ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், எது சுழன்றிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். பிறகு வேகம் கூட்டி பிரேக் சோதனை. பிறகு வளைவுச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் பிறகு வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று சாயம் வைத்துப் பாருங்கள். வீல் அலைன்மென்ட் கடைக்குப் போய் வந்த அச்சுத்தாளையும் கோப்பில் சேருங்கள்.

நண்பர்களே, நம் பட்டறைகளில் எத்தனையோ மிஸ்திரிகள் கண்ணால் பார்த்தே கேம்பர் சொன்னவர்கள். சட்டத்தைத் தட்டிப் பார்த்து, வரும் ஓசையிலேயே விரிசலைக் கண்டவர்கள். அவர்கள் போகும்போது அந்த அறிவும் கூடவே போய்விட்டது. மகன் வேறு வேலைக்குப் போயிருப்பான், கடை கைமாறியிருக்கும், எழுத்தில் ஒன்றும் இருக்காது. தொழிற்சாலை மூடினால் பாகம் கிடைக்காது என்று வருத்தப்படுகிறோம். மிஸ்திரி கண் மூடினால் பாகம் செய்யும் வழியே மூடிவிடுகிறது. அது அதைவிடப் பெரிய இழப்பு.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன்னால் ஒரு வேலைத் திட்டத்தை வைக்கிறேன். ஹெரால்டு, பியட், அம்பாசடர், ஆஸ்டின் என்று இந்த வட்டாரத்துப் பட்டறைகளுக்கு எந்தப் பழைய வண்டி வந்தாலும், அதன் முப்பது எண்களை எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது என்று முடிவு செய்வோம். எண்களை எடுப்பது தொழிற்பயிற்சி மாணவர்களின் வேலை; சரிபார்ப்பது மிஸ்திரியின் வேலை. மாணவனுக்கு அளவெடுக்கும் பழக்கம் வரும், மிஸ்திரியின் அறிவு தாளுக்கு வரும். ஒரு பிரதி பட்டறையில், ஒரு பிரதி வண்டி உரிமையாளரிடம், ஒரு பிரதி பொது அலமாரியில். கேட்பவர் யாராக இருந்தாலும், போட்டிக் கடைக்காரராகவே இருந்தாலும், நகல் கொடுப்போம். அளவை மறைத்து வைத்தால் யாருக்கும் பிழைப்பு பெருகாது. தவறான அளவில் செய்த சட்டம் ஒன்று சாலையில் முறிந்தால், அந்தக் கெட்ட பெயர் நம் எல்லோர் கடைக்கும் சேர்த்துத்தான் வரும்.

இன்று இங்கே வந்திருக்கும் பட்டறைகளில் குறைந்தது ஐந்து கடைகளிலாவது பழைய வண்டி ஏதாவது நிற்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து போவதற்கு முன்னால் அந்த ஐந்து பேரும் மாணவர்களிடம் கடை முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குக் குண்டும் சுண்ணாம்பு நூலும் எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.